மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது, பாதுகாப்பும் வரட்டும்

கோத்தா கோலா மூடா வட்டார ரத்தப் புற்றுநோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: மலேசியச் சுகாதார அமைச்சு, கெடா மாநிலச் சுகாதார இலாகா, அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மருந்தகப் பிரிவுகள், கோலா மூடா மாவட்டத் தோட்ட நிர்வாகங்கள். நகல்: தமிழ்ப்பள்ளிகள், கோயில் நிர்வாகங்கள், தனியார் கிளினிக்குகள்.

நாங்கள் கோத்தா கோலா மூடாவிலும், தீக்காம் பத்து, செமிலிங், பீடோங் பக்கத்துத் தோட்டங்களிலும், சுங்கைப்பட்டாணித் தாமான்களிலும் இருப்பவர்கள். எங்களில் சிலர் ரத்தப் புற்றுநோய்க்கு வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிடுகிறோம். சிலர் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ எடுத்துக் கொடுக்கிறோம். பால் வெட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் பாக்கார் ஆராங் தொழிற்சாலைகளுக்கும் போய்வந்துகொண்டே இதையும் பார்க்கிறோம்.

மருந்து கிடைக்கவில்லை என்று புலம்ப இதை எழுதவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணரைப் பார்க்கக் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளிதான். அமைச்சின் பட்டியலில் உள்ள மருந்தும் அதோடு வந்துவிடுகிறது. இதன் அருமை எங்களுக்குத் தெரியும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கான இமாட்டினிப் மாத்திரைக்கு 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில ஆண்டுகளில் ஆளைக் கொண்டுபோய்விடும் நோய், தினம் மாத்திரை விழுங்கி வேலைக்குப் போகக்கூடிய நோயாக மாறியது. ஆனால் இந்தியாவில் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் ஏறக்குறைய 1,20,000 ரூபாய் ஆனது. உள்நாட்டில் தயாரித்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. நோவார்ட்டிஸ் தன் மாத்திரைக்குப் போட்ட காப்புரிமை விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னையில் இருந்த காப்புரிமை அலுவலகம். அந்த நிராகரிப்புக்கு அடிப்படையான சட்டப்பிரிவே செல்லாது என்று நிறுவனம் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று இந்திய உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. இரண்டாண்டு கழித்து, 2015-இல், உலகச் சுகாதார நிறுவனம் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. விலைக்காக நடந்த அந்தச் சண்டையின் பலனை நாங்களும் அனுபவிக்கிறோம்.

எங்கள் கோரிக்கை அதற்கு அடுத்த கட்டம். கைக்கு வந்த மருந்தை ஆபத்தில்லாமல் சாப்பிட வழி செய்யுங்கள் என்கிறோம்.

ஆஸ்பத்திரிப் படுக்கையில் கீமோ மருந்து ஏற்றும்போது இரண்டு தாதியர் நிற்கிறார்கள். ஒருவர் பெயரையும் ஐ.சி. எண்ணையும் வாய்விட்டுப் படிக்கிறார். மற்றவர் பையில் எழுதியிருப்பதோடு ஒத்துப்பார்க்கிறார். கையுறை உண்டு, சிந்தினால் துடைக்கத் தனிப் பெட்டி உண்டு. அதே நோய்க்கான மருந்து மாத்திரையாக மாறியதும் இத்தனையும் காணாமல் போகின்றன. மருந்தகக் கவுண்டரில் எண் கூப்பிடுகிறார்கள், பிளாஸ்டிக் பை கைக்கு வருகிறது, பின்னால் வரிசை நிற்கிறது. வீட்டில் அந்தப் பை அப்பாவின் இனிப்புநீர் மாத்திரை, அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைகளோடு ஐஸ்பெட்டி மேல் போய்ச் சேர்கிறது. வார்டில் இரண்டு பேர் பார்த்த வேலையை அடுப்படியில் ஒரு பாட்டி பார்க்கிறார். பாட்டிக்கு அதைக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இந்தச் சாசனத்தின் கேள்வி.

முதற்கோரிக்கை: படிக்கத் தெரிந்த மொழியில் லேபல்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் மெத்தோட்ரெக்சேட். லிம்ஃபோபிளாஸ்டிக் வகை ரத்தப் புற்று வந்த பிள்ளைகளுக்கு வார்டு சிகிச்சை முடிந்த பிறகு பராமரிப்புக் கட்டம் தொடங்குகிறது. அது ஆண்டுக்கணக்கில் நீளும். அந்தக் காலம் முழுக்க மெர்காப்டோபியூரின் தினமும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாளும் கொடுக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை 2.5 மில்லிகிராம் அளவில் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். அந்த ஒரு நாளில் பல மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொல்வார்கள். பையில் நிறைய இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் தினமும் கொடுக்க வேண்டியது போலத்தான் தோன்றும். தினமும் கொடுத்தால் வாய் முழுக்கப் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, உயிரே போகலாம். பல நாடுகளில் போயிருக்கிறது. அதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் விதிகளை இறுக்கியது: வாரம் ஒருமுறை என்ற எச்சரிக்கை பெட்டியில் தெரிய வேண்டும், நோயாளிக்குத் தனி அட்டை தர வேண்டும், குப்பியில் மொத்தமாகப் போடாமல் அட்டைப் பட்டையில் அடைத்து விற்க வேண்டும்.

இங்கே எங்களுக்கு வரும் பையில் 'செமிங்கு செகாலி', அதாவது வாரம் ஒருமுறை, என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்துப் பையில் 'செஹாரி செகாலி', தினம் ஒருமுறை. அப்பா அம்மா இருவரும் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டால் மருந்து கொடுப்பது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த பாட்டி. தமிழை அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாகப் படிப்பார். மலாய் எழுத்தில் இந்த இரண்டு வரியும் அவர் கண்ணுக்கு அண்ணன் தம்பி.

ஆகவே கேட்கிறோம்: வாய்வழிப் புற்றுநோய் மருந்து எதுவானாலும் நோயாளி கேட்கும் மொழியில், தமிழிலும், பெரிய எழுத்தில் லேபல் ஒட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட் பையில் கிழமையையே எழுதுங்கள்: 'வெள்ளிக்கிழமை மட்டும்'. எந்தக் கிழமை என்பதை வீட்டாரோடு பேசி முடிவு செய்யுங்கள். நான்கு வாரத்துக்கு நான்கு சின்னப் பையாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தேதி போட்டுக் கொடுங்கள். ஒரு மருந்தாளருக்கு இது பத்து நிமிட வேலை.

மெர்காப்டோபியூரினுக்கும் இதே கதைதான். பிள்ளையின் எடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் ஏற்ப அளவு மாறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் ஒரு மாத்திரை, மறுநாள் ஒன்றரை என்று எழுதித் தருகிறார்கள். அந்த அரை மாத்திரையை வீட்டில் கத்தியால் வெட்டினால் அரையாகவா விழுகிறது? பொடி மேசையில் கொட்டுகிறது, கையில் ஒட்டுகிறது. இதே மருந்து திரவ வடிவில் ஐரோப்பாவில் 2012 முதலும் அமெரிக்காவில் 2014 முதலும் அனுமதியோடு கிடைக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்காவது அதை வரவழையுங்கள். முடியாதவரை மருந்தகத்திலேயே வெட்டி, நாட்காட்டி அட்டை போட்டுக் கொடுங்கள்.

இரண்டாவது: எங்கள் வேலை நேரத்தைக் கேட்டுவிட்டு மருந்து நேரத்தைச் சொல்லுங்கள்

பால் வெட்டுபவர் விடியுமுன், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அவர் பசியாறுவது ஒன்பது மணிக்கோ பத்து மணிக்கோ, மரத்தடியில், கொண்டுபோன டிபனில். அவரிடம் 'பாகி, செலெப்பாஸ் மாக்கான்' என்றால், காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால், எந்தக் காலை, எந்தச் சாப்பாடு?

இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடும் பெரிய கிளாஸ் தண்ணீரோடும் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு இருட்டில் மரம் மரமாகக் குனிந்து நிமிர்ந்தால் வாந்தி வரும். வாந்தியோடு மாத்திரையும் போய்விட்டதோ என்று பயந்து இன்னொன்று விழுங்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்யக்கூடாது, அடுத்த வேளைக்குக் காத்திருக்க வேண்டும். வெட்டுக்காரருக்கு இராத்திரிச் சாப்பாடே வசதி, சாப்பிட்ட உடனே படுக்காமல் இருந்தால் போதும். இந்த ஒரு வாக்கியத்தைத் தானாகக் கண்டுபிடிக்க எங்களில் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது.

அதே நோய்க்கான நைலோட்டினிப் முற்றிலும் தலைகீழ். வயிறு காலியாக இருக்க வேண்டும்: மாத்திரைக்கு முன் இரண்டு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் சாப்பாடு கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஏறக்குறைய பன்னிரண்டு மணி இடைவெளி. சாப்பாட்டோடு சேர்ந்தால் ரத்தத்தில் மருந்து அளவு ஏறி இதயத் துடிப்பின் ஒழுங்கையே குலைக்கலாம். வாசிக்கும்போது எளிது. பெரட்டுக்குப் போகிறவர் காலை ஐந்து மணிக்கு வெறுந்தண்ணீரில் விழுங்கினால், மாலை ஐந்துக்கு அடுத்தது. அப்படியானால் மூன்று மணிக்குப் பிறகு பலகாரமும் கூடாது, மைலோவும் கூடாது. மைலோ தண்ணீர்க் கணக்கில் சேராது என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இமாட்டினிப்பிலிருந்து நைலோட்டினிப்புக்கு மாற்றப்படுபவருக்கு இந்த ஆபத்து இரட்டிப்பு: ஆண்டுக்கணக்கில் சோற்றோடு சாப்பிட்டுப் பழகிய கை, புது மாத்திரையையும் சோற்றோடுதான் எடுக்கும்.

எனவே புதிதாக மருந்து தொடங்கும்போதும் மருந்து மாறும்போதும் மருந்தாளரோடு தனியறையில் உட்கார்ந்து பேசும் நேரம் வேண்டும். எப்போது எழுகிறீர்கள், என்ன வேலை, எப்போது சாப்பிடுகிறீர்கள், தைப்பூசத்துக்கு ஒரு வேளை விரதம் இருப்பீர்களா, இனிப்புநீர் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி வெறும் மரியாதைக்காக அல்ல. நைலோட்டினிப் ரத்தச் சர்க்கரையை ஏற்றலாம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது இன்னும் பல படி அதிகம். மொழிபெயர்க்க ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் துறையே இருக்கிறது. தமிழ் பேசும் மாணவர்களைப் பயிற்சிக்கு இந்தக் கவுண்டர்களில் உட்காரவையுங்கள்.

மூன்றாவது: கம்பெனி மாறினால் வாயால் சொல்லுங்கள்

டெண்டர் மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் பெட்டியும் மாறுகின்றன. மருந்து அதேதான். ஆனால் வீட்டில் மிச்சம் இருந்த பழைய மாத்திரையையும் புதியதையும் இரண்டு வேறு மருந்தாக நினைத்து இரண்டையும் விழுங்கினால் அளவு இரட்டிப்பாகிறது. மாறாக, வேறு எதையோ தந்துவிட்டார்கள் என்று பயந்து நிறுத்தினாலும் கேடு. மலிவான கம்பெனி மாத்திரையை நாங்கள் எதிர்க்கவில்லை. மேலே சொன்ன சென்னை வழக்கே அதற்காக நடந்ததுதான். பெட்டி மாறிய அன்று பழைய மாத்திரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, 'இரண்டும் ஒன்றே' என்று சொல்லுங்கள். அதுவே போதும்.

நான்காவது: மற்ற மருந்துகளோடு மோதல்

இது நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆட்களுக்கு உடம்புக்கு ஏதும் வந்தால் முதலில் போவது பக்கத்துக் கிளினிக், அங்கே கிடைப்பது பெரும்பாலும் கேஸ்ட்ரிக் மாத்திரையும் பொன்ஸ்தானும். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கு டசாட்டினிப் சாப்பிடுபவர் வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால், புற்றுநோய் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நெஞ்செரிச்சல் தணியும், புற்று வளரும். பொன்ஸ்தான் வகை வலி மாத்திரைகள் மெத்தோட்ரெக்சேட்டை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தேக்கலாம். ரத்தத் தட்டணு குறைந்தவருக்கு ரத்தக் கசிவையும் கொண்டுவரலாம். கீல்வாதத்துக்குக் கொடுக்கும் அலோபூரினால், மெர்காப்டோபியூரினோடு சேர்ந்தால் அதன் வீரியம் பல மடங்காகும். மருத்துவர் தெரிந்தே சேர்க்கும்போது மெர்காப்டோபியூரின் அளவைக் கால் பங்காகக் குறைப்பார்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டோயின் இரண்டும் இமாட்டினிப்பை வேகமாக எரித்துவிடும். பழங்களில் கிரேப்ஃப்ரூட் ஆகாது என்று பெட்டித் தாளில் போட்டிருக்கிறார்கள். அதன் இனத்தைச் சேர்ந்ததுதான் நாம் லீமாவ் பாலி என்று வாங்கும் பம்பளிமாஸ். தாளில் அதன் பெயர் இல்லாததால் யாரும் யோசிப்பதில்லை.

நாட்டு மருந்து, ஜாமு, சின்சே கஷாயம் பற்றியும் வெளிப்படையாகவே சொல்கிறோம். சாப்பிடுகிறோம். திட்டுவார்கள் என்று பயந்து டாக்டரிடம் மறைக்கிறோம். திட்டுவதை நிறுத்துங்கள், நாங்களும் மறைப்பதை நிறுத்துகிறோம். 'வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்' என்று முகத்தைச் சுளிக்காமல் கேட்கும் ஒரு மருந்தாளர், பத்து எச்சரிக்கைப் பலகைகளைவிட அதிகம் சாதிப்பார்.

கோரிக்கை இது: ஒவ்வொருவருக்கும் பர்சில் வைக்கும் அளவில் ஒரு மருந்து அட்டை. எந்தப் புற்றுநோய் மருந்து, எவ்வளவு, எவற்றோடு ஆகாது, சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று மலாயிலும் தமிழிலும். அட்டையைப் பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை என்று தனியார் கிளினிக்குகளும் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் இன்னும் இருக்கும் இடங்களில் அவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு காலத்தில் டிரெசருக்கு எந்த வீட்டில் யாருக்கு என்ன மருந்து என்பது மனப்பாடம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகி, ஆட்கள் தாமான்களுக்குப் போனபின் அந்த ஞாபகத்தை வைத்திருக்க இப்போது ஆளில்லை. அட்டையாவது இருக்கட்டும்.

ஐந்தாவது: காய்ச்சல்

மெர்காப்டோபியூரின், மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும் பிள்ளைக்கு வெள்ளை அணு குறைந்திருக்கும் நாளில் 38 டிகிரி காய்ச்சல் அடித்தால், பெனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடனே ஆஸ்பத்திரி. போய்ச் சேர்ந்த பிறகு அவசரப் பிரிவில் பிள்ளை பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அவசரமில்லாதவர்களுக்கான பச்சை மண்டலத்தில் நம்பர் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட காய்ச்சலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போகவேண்டும் என்பதே மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். ஒவ்வொரு பிள்ளைக்கும், பெரியவருக்கும், எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் காட்டக்கூடிய ஒரு கடிதம் கொடுங்கள். காட்டியதும் வரிசையைத் தாண்டி உள்ளே அழைக்க வேண்டும். ஒரு தெர்மோமீட்டரும் சேர்த்துக் கொடுங்கள். பாதி வீடுகளில் அது இல்லை, புறங்கையை நெற்றியில் வைத்துத்தான் பார்க்கிறோம்.

ஆறாவது: பஸ் காசு, எம்.சி., அப்பாயிண்ட்மெண்ட்

லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இமாட்டினிப் சாப்பிடும் 87 பேரின் மருந்துக் குப்பி மூடியில் மின்னணுச் சில்லு பொருத்தி, எப்போதெல்லாம் திறக்கிறார்கள் என்று மூன்று மாதம் கவனித்தார்கள். சொன்ன அளவில் 90 விழுக்காட்டுக்கு மேல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 94 பேருக்கு ஆறு ஆண்டில் நோய் நன்றாக அடங்கியது. 90 விழுக்காடோ அதற்குக் குறைவோ சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கே. தொண்ணூறு விழுக்காடு என்றால் மாதத்துக்கு மூன்று மாத்திரை தவறுவது. அவ்வளவுதான். பிள்ளைகளின் மெர்காப்டோபியூரினுக்கு அளவுகோல் இன்னும் கறார்: 95 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

மூன்று மாத்திரை எங்கே தவறுகிறது? அலட்சியத்தில் என்று நினைத்தால் தப்பு. அப்பாயிண்ட்மெண்ட் புதன்கிழமை, மாத்திரை ஞாயிறே முடிந்துவிட்டது, அங்கேதான் தவறுகிறது. கோத்தா கோலா மூடாவிலிருந்து சுங்கைப்பட்டாணி இருபது கிலோமீட்டருக்கும் மேல். ரத்தநோய் நிபுணரைப் பார்க்கப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியவர்களும் உண்டு. மோட்டாரில் போக உடம்பு இடம் கொடுக்காத நாளில் கிரேப் கார் பிடித்தால், ஐந்து வெள்ளி மருந்துக்கு அதைப்போலப் பல மடங்கு வழிச்செலவு.

பக்கத்துக் கிளினிக்கிலேயே தொடர்மருந்து வாங்கிக்கொள்ளும் முறை அரசாங்கத்திடம் இருக்கிறது. அஞ்சலில் அனுப்பும் சேவையும் இருக்கிறது. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அது பரவலாக நடந்ததைப் பார்த்தோம். நிபுணர் மட்டுமே எழுதித் தரக்கூடிய மருந்து என்பதால் இமாட்டினிப் போன்றவை சின்னக் கிளினிக்குக்கு வருவதில்லை என்ற காரணத்தைப் புரிந்துகொள்கிறோம். எழுதுவது நிபுணராகவே இருக்கட்டும், எடுத்துக் கொடுப்பது எங்கள் ஊர் கிளினிக்காக இருக்கலாமே. ரத்தப் பரிசோதனைக்கான ரத்தத்தையும் அங்கேயே எடுத்து அனுப்பலாம். ஒவ்வொரு முறையும் ஒரு வாரத்துக்குக் கூடுதல் மாத்திரை கொடுத்து அனுப்புங்கள்.

அரசாங்கத்தின் பேக்கா பி40 திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் 500 வெள்ளி வரை போக்குவரத்து உதவியும் உண்டு. நல்ல திட்டம். ஆனால் நாற்பது வயதுக்கு மேற்பட்டவருக்கே அது. ரத்தப் புற்று வந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு இல்லை, முப்பது வயது வெட்டுக்காரருக்கு இல்லை. அடுத்து, 'சிகிச்சையை முடிப்பவர்' என்ற சொல்லையும் யோசியுங்கள். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்காரர் சிகிச்சையை எப்போது முடிப்பது? ஆண்டுக்கணக்கில் நோய் ஆழமாக அடங்கியிருப்பதைப் பரிசோதனை காட்டிய சிலருக்கு மட்டுமே மருத்துவர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்திப் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு ஆயுளுக்கும் மாத்திரைதான். வயது வரம்பை நீக்குங்கள். நீண்டகால வாய்வழிச் சிகிச்சைக்கு ஆண்டுதோறும் தொகை தாருங்கள்.

தோட்ட நிர்வாகங்களுக்கு: 1955 வேலைச் சட்டப்படி எங்களுக்குச் சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) உண்டு. மாதம் ஒரு பரிசோதனை என்றாலே பன்னிரண்டு நாள் போய்விடுகிறது. நோய் கண்ட முதல் மாதங்களில் அடிக்கடி போகவேண்டியிருக்கும். சளிக்காய்ச்சலுக்கு மிச்சம் இல்லை. அப்பாயிண்ட்மெண்ட் நாளைத் தனி விடுப்பாக எழுதுங்கள். அட்டையைக் காட்டினால் அரைநாளாவது கூலி வெட்டாமல் அனுப்புங்கள். 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதிலிருந்து மாதம் ஒரு நாள் கூலியும் வழிச்செலவும் கழித்துப் பாருங்கள்.

நீல ஐ.சி. இல்லாத தமிழர்கள் தோட்டப்புறங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஐந்து வெள்ளிக் கணக்கு கிடையாது, வெளிநாட்டவர் கட்டணம். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவரின் குடியுரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை புற்று காத்திருக்காது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை குடிமக்கள் கட்டணத்திலேயே மருந்து தாருங்கள்.

ஏழாவது: வீட்டில் கையாள்வது

ஒவ்வொரு குடும்பத்துக்கும் தமிழில் ஒரு தாள் வேண்டும். எதை உடைக்கலாம், எதைக் கரைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்பது மருந்துக்கு மருந்து மாறும். இமாட்டினிப்பை விழுங்க முடியாதவர் 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லிலிட்டர் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கலாம். இதைப் பார்த்து மற்றதையும் கரைத்துவிடக்கூடாது. கர்ப்பிணி மருமகள் மெர்காப்டோபியூரினை வெறுங்கையால் எடுத்துக் கொடுக்கக்கூடாது. பெரும்பாலான இந்த மாத்திரைகளை 30 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்கிறார்கள். மதியம் தகரக் கூரைக்கடியில் ஐஸ்பெட்டி மேல் அந்தச் சூடு தாண்டிவிடும். மிச்சமான மாத்திரையைச் சாக்கடையிலோ குப்பையிலோ போடாமல் திருப்பித் தர மூடி போட்ட பெட்டி ஒன்று எங்கள் ஊர் கிளினிக்கில் வையுங்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று. இமாட்டினிப் கருவைப் பாதிக்கும்; பிள்ளை பெறும் வயதில் உள்ளவருக்குக் கருத்தடை பற்றிச் சொல்லியாக வேண்டும். கவுண்டரில் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது இதைச் சொன்னால் அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். அந்த மருந்தில் கண்ணைச் சுற்றி வீங்கும், பக்கத்து வீட்டில் 'அழுதியா' என்பார்கள். சிலருக்குத் தோல் வெளுக்கும். 'நல்லா கலரா வந்துட்டியே, என்ன கிரீம்' என்று கேட்பார்கள். கல்யாணம் பேசும் இடத்தில் நோயை மறைத்த பெண், மாத்திரையையும் மறைத்து வைத்துத்தான் விழுங்குவாள். ஒளித்து விழுங்கும் மாத்திரை நேரத்துக்கு விழாது. தமிழ் பேசும் ஒரு பெண் மருந்தாளரோடு தனியாகப் பேச வாய்ப்புக் கொடுங்கள்.

எட்டாவது: வெள்ளம்

2004 டிசம்பர் 26 அன்று கெடாவில் சுனாமி கடுமையாக அடித்த இடம் எங்கள் கோத்தா கோலா மூடா. கரையோரம் வீடும் படகும் போனதை நேரில் கண்டவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். மூடா ஆறும் அவ்வப்போது ஏறுகிறது. நிவாரண மையத்தில் பாயும் அரிசியும் பிஸ்கட்டும் கிடைக்கும்; இமாட்டினிப் கிடைக்காது. யார் எந்த மருந்தில் இருக்கிறார் என்ற பட்டியலை மாவட்டச் சுகாதார அலுவலகம் அந்தரங்கமாக வைத்திருந்து, இரண்டு நாளுக்குள் அதே மருந்தை மறுபடி கொண்டுசேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

எங்கள் பங்கு

கேட்பதோடு நிற்கப் போவதில்லை. மாத்திரையை அதன் சொந்தப் பையிலேயே வைப்போம், வேறு யார் மருந்தோடும் கலக்கமாட்டோம். தவறிய வேளையை மறுவேளையில் இரட்டித்து ஈடுகட்டமாட்டோம். நாட்காட்டியில் குறித்து டாக்டரிடம் காட்டுவோம். கோயில் கமிட்டிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் மாதம் ஒரு வேன் ஏற்பாடு செய்ய நாங்களே வசூல் செய்வோம். தோட்டத் துண்டாடலுக்கு எதிராக 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்; பத்து பத்து வெள்ளியாகப் போட்ட தொழிலாளர் பணத்தில் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில்தான் இருக்கிறது, புக்கிட் சிடிம். வேனுக்குக் காசு சேர்க்க எங்களுக்குத் தெரியும். லேபல் அச்சடிக்கும் இயந்திரம் மட்டும் எங்களிடம் இல்லை.

இந்தக் கோரிக்கைகளில் முதல், மூன்று, ஐந்து ஆகியவற்றுக்குப் புதிய சட்டமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். அவற்றுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் எதிர்பார்க்கிறோம். மற்றவற்றைப் பேச மாநிலச் சுகாதார இலாகா ஒரு தேதி குறித்துக் கூப்பிட்டால் வருகிறோம். தேதி புதன்கிழமையாக வேண்டாம். எங்களில் பலருக்கு அன்றுதான் அப்பாயிண்ட்மெண்ட்.